பெட்டரியைக் கழற்றும் நாளில் மின்நிலையத்துக்குக் காவல் யார்?

(தொழிற் பாதுகாப்பு வகுப்பில், மின்சார வேலைக்குப் போகும் தோட்டத்து இளைஞர் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நாங்கள் லயத்தில் பிறந்து கரண்ட் வேலைக்குப் போனவர்கள். எங்களில் சிலர் தேயிலை ஸ்டோரில் மெஷின் பக்கம் இருக்கிறோம். கூடுதலானோர் கொந்தராத்துக்காரரோடு லொறியில் ஏறி உப மின்நிலையங்களுக்குப் போகிறோம். கேபிள் இழுப்போம், பெட்டி தூக்குவோம், தீந்தை பூசுவோம், சொன்ன நட்டை முறுக்குவோம். தொழிற் பாதுகாப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஹெல்மட் போடுங்கள், பூட்ஸ் போடுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போகலாம். அதை நீங்கள் பல கூட்டங்களில் கேட்டுவிட்டீர்கள். ஆகவே இன்றைக்கு ஒரே ஒரு அறையைப் பற்றிப் பேசுகிறோம். அது பெட்டரி அறை.

கொழுந்து எடுக்கிற எங்களுக்கு இது எதற்கு என்று தாய்மார் கேட்கலாம். உங்களுக்குத்தான் முதலில் வேண்டும். காரணத்தைச் சொல்லிக்கொண்டே வருகிறோம்.

இந்த மலைதான் நாட்டுக்கு நீர்மின்சாரம் தந்த மலை. லக்சபானவின் முதல் நிலையம் 1950இல் ஓடத் தொடங்கியது. காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களுக்காக எவ்வளவு நிலம் தண்ணீருக்குள் போனது என்று பெரியவர்களுக்குத் தெரியும். தண்ணீர் வற்றும் காலத்தில் பழைய மஸ்கெலியாவின் கோயிலை இன்றும் எட்டிப் பார்க்கலாம். தலவாக்கலையில் மேல் கொத்மலை வந்தது 2012இல். இந்த நிலையங்களிலிருந்து போகும் கம்பிகள் நம் தேயிலைக்கு மேலாலும் லயத்துக்குப் பக்கத்தாலும்தான் போகின்றன. அந்தக் கம்பி அறுந்து விழுந்தால் அதை உடனே நிறுத்துவது எது? அதற்கான பலம் அந்தப் பெட்டரி அறையில் இருக்கிறது.

நாங்கள் முதன்முதலாக அந்த அறைக்குள் போனபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. ஊருக்கே கரண்ட் கொடுக்கிற இடத்தில் பெட்டரி எதற்கு? கல்யாண வீட்டுக்காரன் பக்கத்து லயத்தில் போய்ச் சோறு கேட்கிற மாதிரி இருக்கிறதே என்று பேசிக்கொண்டோம். பிறகு ஒரு வயதான ஃபோர்மன் ஐயா எங்களை உட்கார வைத்து விளக்கினார். கம்பியில் பழுது வரும்போது பிரேக்கர் என்ற பெரிய சுவிட்ச் திறக்கவேண்டும். ரிலே என்ற கருவி பழுதைக் கண்டுபிடித்து, பிரேக்கரில் உள்ள ஒரு சுருளுக்குக் கரண்ட் அனுப்பினால்தான் அது திறக்கும். அந்தக் கரண்டை அதே கம்பியிலிருந்து எடுக்க முடியாது. பழுது வந்த அந்த நொடியில்தானே கம்பியின் வோல்ட் விழுந்துவிடுகிறது! அதனால்தான் எதற்கும் அசையாத பெட்டரி வேண்டும். அவர் சொன்னது இதுதான்: “தம்பி, பிரேக்கர் கை என்றால் பெட்டரி நரம்பு. நரம்பு இல்லாத கை எவ்வளவு தடியாக இருந்தும் என்ன?”

நாட்டில் முழுக்க இருட்டான நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். 2020 ஓகஸ்ட் 17 கெரவலப்பிட்டிய, 2025 பெப்ரவரி 9 பாணந்துறை. அப்படியான வேளைகளில் முதலில் எழுப்பப்படுகிறவை நீர்மின் நிலையங்களே. வெளியிலிருந்து ஒரு சொட்டுக் கரண்ட் வராத நேரத்தில் ரிலேக்களையும் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் உயிரோடு வைத்திருப்பதும், ஜெனரேட்டரின் காந்தத்துக்கு முதல் கரண்டைக் கொடுப்பதும் இந்தப் பெட்டரிதான்.

இனி பெட்டரியையே பார்ப்போம். லொறிப் பெட்டரி மாதிரி ஒரு பெட்டி இல்லை. 2 வோல்ட் செல்கள் 55ஐ வரிசையாகத் தொடுத்தால் 110 வோல்ட் வரும். சார்ஜர் எப்போதும் அதைத் தொட்டுக்கொண்டே இருக்கும்; அப்போது ஒரு செல்லுக்குச் சுமார் 2.23 வோல்ட், மொத்தம் ஏறக்குறைய 123 வோல்ட். மீட்டரில் 123 காட்டினால் எல்லாம் நலம் என்று நினைக்கிறோம். அங்கேதான் ஏமாற்றம். அந்த 123 சார்ஜரின் பலம். உள்ளே செல் உளுத்துப்போயிருந்தாலும் மீட்டர் அதைச் சொல்லாது. வெளியே பளபளவென்று நிற்கும் சவுக்கு மரத்தை வெட்டிப் பார்த்தால்தானே உள்ளே பொந்து தெரிகிறது.

ஆகவே சோதிக்கவேண்டும். சோதிப்பதென்றால் பெட்டரியிலிருந்து உண்மையாகவே கரண்டை இழுத்துப் பார்ப்பது. 200 அம்பியர்-மணி பெட்டரி என்றால் 20 அம்பியர் வீதம் பத்து மணித்தியாலம் இழுக்கவேண்டும். செல்லுக்குச் சராசரி 1.80 வோல்ட், அதாவது மொத்தம் 99 வோல்ட் வரும்வரை அது தாக்குப்பிடிக்கவேண்டும். எட்டு மணித்தியாலத்திலேயே அந்த எல்லைக்கு வந்துவிட்டால் கொள்ளளவு நூற்றுக்கு 80தான்; மாற்றும் காலம் வந்துவிட்டது என்பது உலகமெங்கும் வைத்திருக்கிற கணக்கு. சோதனை முடிந்ததும் பெட்டரி வெறுமையாக இருக்கும். அதைத் திரும்ப நிரப்ப இழுத்த நேரத்தைவிடக் கூடுதலான நேரம் எடுக்கும். ஆக ஒரு பகலும் ஓர் இரவும் சில வேளை அதற்கு மேலும், அந்தப் பெட்டரி காவலுக்கு இல்லை.

அந்த நேரத்தில் நிலையத்துக்குக் காவல் யார்? கொந்தராத்துக்காரரிடம் கேட்டால் “சார்ஜர் இருக்குதானே” என்பார். அந்தப் பதிலை நாங்கள் நம்பிய ஒரு நாளைச் சொல்லவேண்டும்.

எந்த இடம், யார் கொந்தராத்து என்பதை விட்டுவிடுகிறோம். பின்னேர மழை பிடித்த நாள். ஒரே பெட்டரி உள்ள சின்ன உப மின்நிலையம். பெட்டரியைக் கழற்றிச் சோதனைக்கு மாட்டியாகிவிட்டது. ரிலேக்கள் எல்லாம் சார்ஜரில் மட்டும் ஓடின. பச்சை விளக்குகள் எரிந்தன, நாங்களும் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தோம். காற்றில் ஒரு சவுக்குக் கிளை முறிந்து மலைக்கு மேலான 33,000 வோல்ட் கம்பியில் விழுந்தது. இரண்டு கம்பி ஒன்றோடொன்று மோதின. ஒன்று அறுந்து தேயிலைக்குள் விழுந்தது. பழுது பக்கத்தில் என்பதால் நிலையத்துக்குள் வோல்ட் தடாலென்று விழுந்தது. சார்ஜருக்கு வரும் கரண்டும் அதுவே, ஆகவே சார்ஜரும் படுத்துக்கொண்டது. ரிலே செத்தது. பிரேக்கர் மூடியபடியே நின்றது. ஒரு செக்கனுக்குள் நிற்கவேண்டிய கரண்ட் நிற்கவில்லை. தூரத்தில் உள்ள அடுத்த நிலையத்தின் காவல் விழித்துக்கொண்டு முழுப் பகுதியையும் வெட்டும்வரை, எங்களில் ஒருவர் ஒன்பது எண்ணியிருந்தார். அந்த ஒன்பது செக்கனும் தேயிலை வாதுக்குள் கம்பி எரிந்தது. மழை வந்ததால் கங்காணி பத்து நிமிடத்துக்கு முன்தான் பெண்களைக் கொழுந்து நிறுக்கக் கூட்டிக்கொண்டு இறங்கியிருந்தார். எங்களில் ஒருவரின் அக்காவும் அந்த நிரையில் இருந்தவர்.

அதனால்தான் தாய்மாரே, இது உங்களுக்கும் உரிய பேச்சு என்றோம்.

சரியான வழி இருக்கிறது. பெரிய நிலையங்களில் இரண்டு பெட்டரி வரிசை வைத்திருப்பார்கள். ஒன்றைச் சோதிக்கும்போது மற்றது சுமக்கும். ஒன்று மட்டும் உள்ள இடத்துக்கு லொறியில் தற்காலிகப் பெட்டரி வரிசை கொண்டுவரவேண்டும். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினால் இடையில் ஒரு வெற்று நேரம் வரும். அது வரக்கூடாது என்பதற்காக, முதலில் இரண்டையும் பக்கம் பக்கமாகச் சேர்த்து, பிறகு பழையதைப் பிரிக்கவேண்டும். குழந்தையை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்குகிற மாதிரி. வாங்குகிறவர் பிடித்த பிறகுதான் கொடுக்கிறவர் கையை விடுவார்.

ஆனால் அந்தச் சேர்க்கிற சில நிமிடங்கள்தான் முழு வேலையிலும் ஆபத்தான நேரம். லொறி ஸ்டார்ட் ஆகாதபோது இன்னொரு லொறிப் பெட்டரியிலிருந்து கேபிள் கொடுத்திருப்பீர்கள். தீப்பொறி பறப்பதையும் கண்டிருப்பீர்கள். அது 12 வோல்ட், 24 வோல்ட். இது 110 வோல்ட், சில இடங்களில் 220 வோல்ட்.

முதலாவது, இரண்டும் ஒரே அளவு நிரம்பியிருக்கவேண்டும். வெறுமையான 55 செல் வரிசை 107 வோல்ட்டில் நிற்கிறது, நிரம்பியது 123இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 16 வோல்ட்தானே என்று தோன்றும். இரண்டு பெட்டரியின் உள் தடையும் கேபிளும் சேர்ந்து 0.05 ஓம் என்றால், சுவிட்சை மூடிய முதல் கணத்தில் 320 அம்பியர் பாயும். ஃபியூஸ் போகும், அல்லது கேபிள் எரியும், அல்லது நல்ல பெட்டரியும் சேர்ந்து படுத்துவிடும். ஆகவே சோதனை முடிந்த வெறும் பெட்டரியை “நேரமாகிறது, மாட்டிவிடு” என்று யார் சொன்னாலும் மாட்டக்கூடாது. அதைத் தனியாக, வேறு சார்ஜரில் நிரப்பி, வோல்ட் ஒத்துவந்த பிறகுதான் சேர்க்கவேண்டும். எங்கள் அனுபவத்தில் மிகக் கூடுதலாக மீறப்படுவது இதுதான். அறியாமையால் இல்லை. கொந்தராத்து வேலைக்கு மொத்தமாகத்தான் காசு. ஆளுக்கு ஒரு பேர் போட்டு ஒரு நாளுக்குள் முடித்தால் அவருக்கு இலாபம். பெட்டரி நிரம்ப எடுக்கும் இரவுக்கு யாரும் பேர் போடுவதில்லை.

இரண்டாவது நிலக்கசிவு. இந்தப் பெட்டரியின் கூட்டல் பக்கமும் கழித்தல் பக்கமும் நிலத்தோடு தொடாமல் மிதந்து நிற்கும். ஒரு பக்கம் எங்கேயோ ஈரத்தில் நிலத்தைத் தொட்டாலும் உடனே ஒன்றும் ஆகாது. நம் மலையின் பனியிலும் மழையிலும் அது சகஜம். ஒரு வரிசையில் கூட்டல் பக்கம் கசிகிறது, மற்ற வரிசையில் கழித்தல் பக்கம் கசிகிறது என்றால்? பிரிந்து நிற்கும்வரை இரண்டும் நல்ல பிள்ளைகள். சேர்த்த கணத்தில் நிலம் வழியாகக் குறுக்குச் சுற்று. சில வேளை அது ரிலே வழியாகப் போய், பழுதே இல்லாத பிரேக்கரைத் திறந்துவிடும். பழைய நிலையங்களில் இதற்கு இரண்டு விளக்கு மாட்டியிருப்பார்கள். இரண்டும் ஒரே அளவில் எரிந்தால் நலம். ஒன்று மங்கி மற்றது பளிச்சென்று எரிந்தால் கசிவு. அந்த விளக்கைப் பார்க்காமல், அல்லது மீட்டரால் இரண்டு பக்கத்தையும் நிலத்தோடு அளந்து பார்க்காமல், எந்தப் பொறியியலாளரும் சேர்க்கச் சொல்லக்கூடாது. கசிவு இருந்தால் அதைத் தேடித் தீர்ப்பதுதான் அன்றைய வேலை.

மூன்றாவது கூட்டலும் கழித்தலும் மாறாமல் இருப்பது. கேபிளின் நிறத்தை நம்பாதீர்கள், நாங்கள் சிவப்புச் சுருளில் கழித்தலைக் கண்டிருக்கிறோம். இதில் ஒரு நுட்பம் உண்டு. இரண்டு வரிசையும் முழுக்கப் பிரிந்து மிதக்கும்போது நடுவில் மீட்டர் வைத்தால் அது எதையும் சரியாகச் சொல்லாது. கசிவு இல்லை என்று உறுதியான பிறகு, கழித்தலைக் கழித்தலோடு முதலில் இணைக்கவேண்டும். கூட்டல் சுவிட்சைத் திறந்தே வைத்துக்கொண்டு அதன் இரு வாயிலும் மீட்டரை வைக்கவேண்டும். ஒன்றிரண்டு வோல்ட் காட்டினால் சரி. 246 காட்டினால் ஒரு வரிசை தலைகீழ். அந்தச் சுவிட்சை மூடியிருந்தால் அந்த அறையில் நின்றவர் வீட்டுக்கு வந்திருக்கமாட்டார்.

மூடிய பிறகும் வேலை முடியவில்லை. கிளாம்ப் மீட்டரில் கரண்ட் குறைந்து அமைதியாகிறதா என்று பார்த்து, உடனே பழையதைப் பிரித்துவிடவேண்டும். இரண்டையும் சேர்த்தபடி விட்டுவிட்டுச் சோற்றுக்குப் போகக்கூடாது. சேர்ந்து நிற்கும் நேரத்தில் எங்கேனும் குறுக்குச் சுற்று வந்தால் இரண்டு பெட்டரியின் பலமும் ஒன்றாகப் பாயும். அங்குள்ள ஃபியூஸும் பிரேக்கரும் ஒன்றின் பலத்துக்கு மட்டும் போட்டவையாக இருக்கலாம். இன்னொன்று: தற்காலிக வேலைக்குக் கொண்டுவரும் சுவிட்ச் டீசி கரண்டுக்கு உரியதா என்று கேளுங்கள். வீட்டுக் கரண்ட் செக்கனுக்கு நூறு தடவை பூச்சியத்துக்கு வந்து போகும். அதனால் சுவிட்சைத் திறந்ததும் தீப்பொறி அறுந்துவிடும். டீசி அப்படி வராது. ஏசிக்குச் செய்த சுவிட்சில் பொறி அறாமல் நின்று எரியும்.

எங்கள் கையைப் பற்றியும் சொல்லவேண்டும். செல் தூக்குகிறவர்கள் நாங்கள்தான். மோதிரம், கைச்சங்கிலி, வெள்ளி அரைஞாண் வரைக்கும் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். மேசையில் விழுந்த ஸ்பேனர் இரண்டு முனையைத் தொட்டால் ஆயிரக்கணக்கான அம்பியர் பாய்ந்து இரும்பே உருகும். பிடியில் மட்டும் டேப் சுற்றிய ஸ்பேனர் போதாது, தலைவரை காப்பு உள்ளதைக் கேளுங்கள். சார்ஜ் ஆகும் செல்லிலிருந்து ஹைதரசன் வாயு வரும். காற்றில் அது நூற்றுக்கு 4 சேர்ந்தால் ஒரு பொறியில் வெடிக்கும். ஆகவே காற்றாடி ஓடவேண்டும், கதவு திறந்திருக்கவேண்டும். செல்லுக்குள் அமிலம் எவ்வளவு இருக்கிறதென்று தீப்பெட்டி உரசிப் பார்த்த ஒருவரை நாங்கள் இழுத்து வெளியே விட்டிருக்கிறோம், அவர் எங்களுக்கு சூப்பர்வைசர்!

அமிலம் கண்ணில் பட்டால் தண்ணீர், தண்ணீர், தண்ணீர்தான். குறைந்தது பதினைந்து நிமிடம் இமையைத் திறந்துபிடித்துக் கழுவவேண்டும், பிறகு ஆஸ்பத்திரி. பீலியில் முகத்தைக் கொடுத்து நின்று கண்ணைக் காப்பாற்றிக்கொண்ட ஒரு தம்பி இதோ முன்வரிசையில் இருக்கிறார். அப்பச்சோடா தரையில் கொட்டிய அமிலத்துக்குத்தான், கண்ணில் போடாதீர்கள்.

ஸ்டோரில் வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜெனரேட்டரின் 24 வோல்ட் பெட்டரிக்கும் டிஸ்பென்சரியின் இன்வர்ட்டர் பெட்டரிக்கும் இதே மோதிரக் கதையும் இதே வாயுக் கதையும் பொருந்தும். புதிய பெட்டரியோடு பழையதைப் பக்கம் பக்கமாக நிரந்தரமாகப் பூட்டிவிட்டால் பழையது புதியதையும் தின்றுவிடும்.

இனிச் சங்கத்திடம் எங்கள் கோரிக்கை. கொந்தராத்துக்காரரோடும் நிலைய நிர்வாகத்தோடும் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது இதையும் பையில் வைத்துக்கொண்டு போங்கள். தற்காலிகப் பெட்டரி வந்து இறங்காமல் பழையதைக் கழற்றச் சொல்லி எங்களை அனுப்பக்கூடாது. எந்தச் சுவிட்சுக்குப் பிறகு எந்தச் சுவிட்ச் என்று எழுதிய தாள் வேண்டும், அது எங்களுக்கு விளங்கும் மொழியில் வாசிக்கப்படவேண்டும். பல இடங்களில் அது ஆங்கிலத்தில் மட்டும்தான் சுவரில் தொங்குகிறது. கையொப்பமிட்ட பொறுப்பாளர் ஒருவர் சேர்க்கும் நேரத்திலும் பிரிக்கும் நேரத்திலும் அறையில் நிற்கவேண்டும், தொலைபேசியில் இல்லை. நிரப்பும் இரவுக்கும் பேர் போடவேண்டும். கண் கழுவும் தண்ணீரும் முகமூடியும் கையுறையும் இல்லாத அறைக்குள் போக மறுத்தவனை அடுத்த நாள் லொறியில் ஏற்றாமல் விடக்கூடாது. இது எங்களில் இருவருக்கு நடந்திருக்கிறது, அவர்கள் இன்று மரக்கறித் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள்.

காயம்பட்டால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் நாள் சம்பளக்காரன் அன்று அங்கே வேலை செய்தான் என்பதற்கே தாள் இல்லாவிட்டால் எதைக் காட்டுவது? ஆகவே தம்பிமாரே, லொறியில் ஏறும்முன் இடம், திகதி, அனுப்பியவர் பெயர் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். அம்மாவிடம் கொடுங்கள், பத்திரமாக இருக்கும்.

நாங்கள் ஒரு பழைய செல்லையும் ஒரு கிளாம்ப் மீட்டரையும் கொண்டுவந்திருக்கிறோம். தேநீருக்குப் பிறகு பின் மேசைக்கு வாருங்கள், தொட்டுப் பார்த்துக் கேள்வி கேட்கலாம். மோதிரத்தைக் கழற்றிவிட்டு வாருங்கள்.